வண்டில் மணிக்குள் வைக்கல் அடைத்து யானை பார்த்த பயணம்

1979 ஆவணி. கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டில் என் மச்சான் பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிப் போட்டான்: "அத்தான் யானையைக் கோயில் திருவிழாவிலைதான் கண்டிருப்பார்." எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டாலும், காட்டுப் படிப்பில் என்னை வெல்ல வன்னியில் ஆளில்லை. அடுத்த நாளே வெளிக்கிட்டேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். மாங்குளம் போய் இன்னொரு பஸ் மாறி, எட்டேகாலுக்குத் துணுக்காய். அங்கே பெருமாள் என்பவரின் மாட்டு வண்டிலை இருபது ரூபாவுக்குப் பேசினேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். காட்டுக்குள்ளே நாலு கட்டை, அதாவது நாலு மைல், போனால் ஒரு குளம். கோடையில் மற்றக் குளமெல்லாம் வற்ற, மிருகங்கள் அங்கேதான் தண்ணிக்கு வரும்.

பாலை மரமும் வீரை மரமும் நெருங்கிய காடு. பாதை ஒரு வண்டில் அகலம், திருப்ப இடமில்லை. மான் ஒன்றின் வாலை மட்டும் கண்டேன். மாட்டுக் கழுத்து மணிச் சத்தத்துக்கு மற்ற மிருகமெல்லாம் நூறு யார் தூரத்துக்கு முன்னாலேயே ஓடிவிட்டன.

"மணியைக் கழட்டும் பெருமாள்."

"கூடாதுங்க ஐயா. சத்தம் கேட்டாத்தான் பெரியவரு ஒதுங்கிப் போவாரு."

யானையை அங்கே பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒதுங்கிப் போகிற யானையைப் பார்க்கவா நான் வந்தேன்? விழுந்து கிடந்த மரமொன்றை இழுத்துப் போட அவர் முன்னால் போன நேரம், இரண்டு மாட்டு மணிக்குள்ளும் வண்டிலில் கிடந்த வைக்கலை இறுக்கி அடைத்தேன். திரும்பி வந்தவர் அண்ணாந்து, "மூணு மணிக்குள்ள திரும்பிடணும்" என்று வெயிலைப் பார்த்தாரே தவிர, மாட்டைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நூறு யார் தூரம் போகவில்லை, பதினொன்று பத்துக்குக் குளத்துக்குக் கிட்ட ஒரு வளைவு. இருபது யார் தூரத்தில் நின்றது, அலியன், கொம்பில்லாத ஆண் யானை. காது ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் கதவளவு. நான் நேருக்கு நேர் முறைத்ததில் அது கொஞ்சம் தடுமாறியது என்பது என் துணிபு. பிளிறிய பிளிறலில் இடப்பக்கச் செவலை மாடு நுகக் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. யானையும் அதே பக்கம்தான் காட்டை முறித்துக்கொண்டு போனது.

பெருமாள் மற்ற மாட்டின் மணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்களா அடைச்சீங்க?"

"ஓம்... மிருகம் கிட்ட வரட்டும் எண்டு."

"வந்திடுச்சில்ல."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருசம் கூலி வேல செஞ்சு வாங்கின சோடிங்க. ஐப்பசி உழவுக்கு ஒத்த மாட்ட வச்சு நான் என்னா பண்ணுவேன்?"

மாடு எந்தப் பற்றைக்குள் நின்றாலும் மணி காட்டிக் கொடுக்கும். அந்த மணியைத்தான் நான் ஊமையாக்கிவிட்டேன். கூப்பிடவும் பயம், யானை எங்கே நிற்கிறதோ. நாலு மணித்தியாலம் முள்ளுக்குள் தேடினோம். ஒரு இடத்தில் ஆவி பறக்கிற யானை லத்தி கிடந்தது. அதைக் கண்டபின் நான் பெருமாளுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

மூன்றேகாலுக்குப் பெருமாள் மிஞ்சிய மாடு கருப்பனின் மணியிலிருந்து வைக்கலைப் பிடுங்கி எறிந்தார்.

"சோடி மணி கேட்டா வரும். உசுரோட இருந்தா."

கருப்பனைப் பாதையில் மேலும் கீழும் நடத்தினார். மணி கிணுகிணுத்தது. நான் ஒவ்வொரு மரமாகப் பார்த்து, ஏறக்கூடியதைத் தெரிந்து வைத்தேன். இருபது நிமிசம் ஒன்றுமில்லை. பிறகு சருகு நொறுங்கியது. பெருமாள் கருப்பனை நிறுத்தினார்.

செவலை வந்தது. தோளில் முள்ளுக் கீறல், கழுத்தில் சத்தமில்லாத மணி. நேரே வந்து கருப்பனோடு உரசி நின்றது. பெருமாள் அதன் நாலு காலையும் தடவித் தடவிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுந்த கயிற்றை முடிந்து பூட்டி, குளக்கரை வெளி வரை போய் வண்டிலைத் திருப்பினார். நான் ஏறப் போனேன்.

"ஐயா நடந்து வாங்க."

போக நினைக்கிற ஆக்களுக்கு: கோடையில் போங்கோ, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணி கொண்டு போங்கோ, வண்டில்காரர் சொல்லுகிறதைக் கேளுங்கோ. மணி மிருகத்தைக் கலைக்கிறது என்று என்னைப் போல நினையாதேங்கோ. அது வண்டில்காரரின் உழவையும் சோற்றையும் காக்கிற சாமான்.

யானை பார்த்த கதையை மச்சானுக்கு அன்றிரவே சொன்னேன், இருபது யாரைப் பத்து யாராக்கி. வண்டிலுக்குப் பின்னால் நாலு கட்டையும் நடந்து வந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.