யாரு மேல கோவம்?

அந்தக் குழந்தைகள் கிளினிக்கின் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், உடம்புக்கு என்ன என்று எடுத்த எடுப்பில் பெற்றவர்களிடம் விசாரிக்க மாட்டார். எழுந்து வந்து, குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், "யாரு மேல கோவம்?" என்று கேட்பார்.

பிள்ளையாகப் பிறந்த எவருக்கும் யார் மேலாவது கோபம் இருந்தே தீரும் என்பது அவருடைய முடிவு. உடம்பில் தெம்பு இருக்கிற பிள்ளை அதைச் சொல்லிவிடும். அத்தை மேல, அண்ணன் மேல, கணக்கு டீச்சர் மேல, பூனை மேல என்று பதில்கள் வரும். ஒரு பொடிசு, "எங்கப்பா மேல, வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு சித்தப்பா வீட்டுல தூங்குறாரு" என்று சொன்னபோது அவனைத் தூக்கி வைத்திருந்ததே அந்த அப்பாதான். பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு நேரம் போனதே தெரியவில்லை.

பதில் சொன்ன பிள்ளைக்கு டோக்கன் கிடையாது. தொண்டைக் கரகரப்பா, உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்வார். மூக்கடைப்பா, ஆவி. வயிற்றுப்போக்கா, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், கஞ்சி. "ரெண்டு நாள் பாருங்க. குறையலைன்னா ஓடி வந்துடுங்க." பதில் சொல்லாமல் அம்மாவின் தோளில் தலையைப் போட்டுக்கொள்ளும் பிள்ளை மட்டும் வரிசையைத் தாண்டி நேராக உள்ளே போகும். பேச்சு வராத கைக்குழந்தைகளுக்குக் கேள்வியே கிடையாது.

டாக்டருக்கு இது தெரியும். என் பொழப்பை வாசல்லயே முடிச்சு அனுப்பிடறாங்க என்று பெற்றவர்களிடம் சொல்வார், வெளியே வெயில் என்று சொல்கிற குரலில். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை. கூட்டம் அவருக்குத் தாங்காது. அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் அந்தப் பெண்மணி டோக்கனம்மா ஆகிவிட்டார். சொந்தப் பெயரை ரேஷன் கடைக்காரர் கூட மறந்து போனார்.

டோக்கனம்மாவுக்கு ஒரே மகள். அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாட்களில் தூங்குவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராகக் கிளினிக்குக்கு வந்து, எடை பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கிருந்து பார்த்தால் பெஞ்சு முழுவதும் தெரியும், டாக்டர் அறையின் கதவும் தெரியும். கதவு திறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு வாசனை வரும். ஸ்பிரிட்டும் பிஸ்கட்டும் கலந்த வாசனை. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு டாக்டர் பிஸ்கட் கொடுப்பார்.

அந்த அறைக்குள் நோயாளியாக ஒரு தடவை போய்விட வேண்டும் என்பது மகளின் ஆசை. கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் கிளினிக் வாசலிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அது நடக்கவில்லை. இருமினால் கொப்பளி. தும்மினால் ஆவி பிடி. காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி, அதுவும் பழைய பாவாடையில் கிழித்தது. ஒருமுறை உடம்பு கொதிக்கக் கொதிக்க, ஸ்டூலை விட்டு எழுந்து போய் மற்ற பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வரிசை நகர்ந்து நகர்ந்து அவள் முறை வந்தது. டோக்கனம்மா அவளைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் உக்காரு, ஆளுங்க உக்கார இடமில்ல பாரு என்றார். ஸ்டூலுக்குப் போன பிறகு ஈரத்துணி வந்தது.

டோக்கன் கிடைக்காததைக் கூட மகள் பொறுத்துக்கொண்டாள். கேள்வியே கேட்கப்படாததுதான் உறுத்தியது. ஊர்ப் பிள்ளைகளின் கோபத்தையெல்லாம் குனிந்து கேட்கிற அம்மா, தன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போது கேட்டுவிட்டாள்.

"என்னை மட்டும் ஏம்மா கேக்க மாட்டேங்குற?"

"உன்னை அங்க வெச்சு எதுக்குக் கேக்கணும்? வீட்டுல கேட்டுக்கறேன்."

வீட்டுக்குப் போனார்கள். டோக்கனம்மா அடுப்பைப் பற்றவைத்தார். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மகளிடம் பதில் தயாராக இருந்தது. முதலில் கூடப் படிக்கிற ஒருத்தி மேல் என்று இருந்தது, பிறகு அப்பா மேல் என்று ஆனது. வளர வளர, "உன் மேலதான்" என்று ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது. கேள்வி வந்தால் சொல்லிவிடலாம் என்று அதை வாயிலேயே வைத்திருந்தாள்.

இதற்கிடையில் பெஞ்சு விழித்துக்கொண்டது. எந்தப் பதிலுக்கு எந்த வழி என்பது தாய்மார்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எப்படியும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வருகிறவர்கள், டோக்கன் அத்தை என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று தெருமுனையிலேயே பிள்ளையை மிரட்டி அழைத்து வந்தார்கள். இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு டாக்டரைப் பார்க்க நேரமில்லை. ஆனால் பார்க்காமல் விட மனமும் இல்லை. ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று கிளினிக் வாசலில் ஒருவர் சொல்லிவிட்டால் மனசாட்சிக்குப் போதும். அவர்களுடைய பிள்ளைகள் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லின.

ஸ்டூலில் இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. தொடையில் கிள்ளுவது, காதில் ஓதுவது, பிள்ளை உதட்டை அசைத்து ஒப்பித்துப் பார்ப்பது. அம்மாவிடம் சொன்னாள். டோக்கனம்மா சிரித்தார். எத்தனை பிள்ளைகளைப் பாத்திருக்கேன், நடிக்கிற பிள்ளை எனக்குத் தெரியாதா என்றார். மகளுக்குப் பாடம் எழுத இருந்தது.

அப்போதுதான் பெட்டி கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தி தன் பெண்ணை அழைத்து வந்தாள். மதிய ஷிஃப்டுக்குப் போகிற வழி. கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தாள், கண் வாசலுக்கு மேலிருந்த கடிகாரத்திலேயே இருந்தது. பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்று வலி. டோக்கனம்மா குனிந்து கேட்டார்.

"சித்தி மேல," என்றது பெண். "என் பென்சிலை உடைச்சுட்டு நான் இல்லன்னு சொல்றாங்க."

கணீரென்ற பதில். அப்படியொரு பதிலை டோக்கனம்மா அந்த வாரம் முழுக்கக் கேட்டதில்லை. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுங்க, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்க என்றார். கம்பெனிக்காரியின் முகம் தெளிந்தது. அம்மாவும் பெண்ணும் படியிறங்கினார்கள். பெண் வலது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை மடித்து, ஒவ்வொரு படிக்கும் சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. டோக்கனம்மா அதற்குள் அடுத்த பிள்ளைக்குக் குனிந்துவிட்டார்.

குடல்வால். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வெடித்திருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் பிழைக்கும் வரை ரொம்ப நாள் ஆனது, அந்த நாட்களில் டோக்கனம்மா எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்கப் போனார். வார்டுக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

ஒரு சாயங்காலம் கம்பெனிக்காரி கிளினிக்குக்கு வந்தாள். வருகிற வேகத்தைப் பார்த்துப் பெஞ்சில் எல்லோரும் சண்டைக்குத் தயாரானார்கள். ஒருவர் பிள்ளையை மடி மாற்றி வைத்துக்கொண்டார். அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன். சித்தின்னு சொல்லச் சொன்னேன். அவளுக்குச் சித்தியே கிடையாது."

"நான்தானே கேட்டேன்," என்றார் டோக்கனம்மா. "கேட்டுட்டு அவ நடக்குறதைப் பாக்கல."

அவ்வளவுதான். கம்பெனிக்காரி ராத்திரி ஷிஃப்டுக்குப் போனாள். பெஞ்சுக்கு ஏமாற்றம்.

மறுநாளிலிருந்து டோக்கனம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன். ஒற்றைத் தும்மலுக்கும் டோக்கன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்ப் பக்கத்துத் தையல்கடை வரை நின்றது. டாக்டர் கிளினிக் பூட்டுகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"கேள்வி என்னாச்சு?"

"கெட்டுப் போச்சுங்க. எல்லாப் பிள்ளையும் சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது."

"என்கிட்டயும்தான் சொல்லுது. எங்க வலிக்குதுன்னு கேட்டா அம்மாவைத் திரும்பிப் பாக்குது."

"அப்ப என்ன செய்வீங்க?"

"அமுக்கிப் பாப்பேன்," என்றார் டாக்டர். "நீங்க அமுக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

டோக்கனம்மா அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டாரா, சரியென்று எடுத்துக்கொண்டாரா என்பது மகளுக்கு விளங்கவில்லை. கேள்வி மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த மாதத்திலேயே மகளுக்குத் தொண்டை கட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு இருமல் இருமினாள். டோக்கனம்மா மேஜையிலிருந்து எழுந்து வந்தார். குனிந்தார். மகளின் முகத்துக்கு நேராக அம்மாவின் முகம் வந்தது. இத்தனை வருடம் வாயில் வைத்திருந்த பதிலை மகள் நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள்.

டோக்கனம்மா அவள் கையில் ஒரு டோக்கனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

வரிசையில் உட்கார்ந்து, முறை வந்து, மகள் உள்ளே போனாள். வாசனை வெளியே வந்ததை விட உள்ளே கொஞ்சம் கம்மிதான். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளி, ரெண்டு நாள் பார்ப்போம் என்றார். ஊசி இல்லை, ஆகவே பிஸ்கட்டும் இல்லை.

மகள் படித்தாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஒரு பையன் பிறந்தான். டாக்டர் கிளினிக்கை மூடிய பிறகு டோக்கனம்மா மகளோடு வந்து தங்கினார். லாரிக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

அங்கே இன்னொரு வேடிக்கை நடந்தது. பேரனுக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டால் டோக்கனம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார், டாக்டரிடம் போகலாம் என்று. மகள் ஈரத்துணியோடு உள்ளே நிற்பாள், ஒரு நாள் பார்க்கலாம் என்று. படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது என்று அம்மா கேட்பார். நீ வளத்த வளப்பு இதுதானே என்று மகள் சொல்வாள். மருமகன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். பையன் எந்தப் பக்கம் ஜெயித்தால் பள்ளிக்கூடம் இல்லை என்று கணக்குப் போட்டு, அந்தப் பக்கத்துக்குத் தகுந்தபடி முனகுவான். அவன் முனகலை மகள் நம்ப மாட்டாள். எழுந்து நடக்கச் சொல்லிப் பார்ப்பாள். டோக்கனம்மாவும் அதையேதான் பார்ப்பார். ஆனால் வாய் திறந்து அந்தப் பழைய கேள்வியைப் பேரனிடம் கேட்டதே இல்லை.

போன வருடம், ஒரு விடுமுறை நாளின் காலையில், டோக்கனம்மா கட்டிலை விட்டு எழவில்லை. வாயுப் பிடிப்பு, வெந்நீர் குடித்தால் போகும் என்றார். தன் உடம்பென்றால் மட்டும் அவர் இன்னும் வெந்நீர் கட்சிதான். மகள் வெந்நீர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கியவரின் நெற்றி வியர்த்திருந்தது. நடந்து காட்டச் சொல்ல முடியாது. மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"யாரு மேலம்மா கோவம்?"

டோக்கனம்மா அவளைப் பார்த்தார். பதில் தெரிந்த முகம்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"கேள்வியெல்லாம் வேணாம்டி. டோக்கனைக் குடு."

மகள் டாக்ஸியைக் கூப்பிட்டாள். மருமகன் முன்சீட்டில் டிரைவருக்கு வழி சொன்னார். பின்சீட்டில் அம்மாவின் தலை மகளின் தோளில் இருந்தது, வரிசையைத் தாண்டி உள்ளே போகிற பிள்ளைகளின் தலையைப் போல. பேசிக்கொண்டே இருந்தால் அம்மா விழித்திருப்பார் என்று மகளுக்குத் தோன்றியது. மனசில் எப்போதும் இருந்த ஒன்றுதான் வந்தது.

"என்னை வீட்டுல கேட்டுக்கறேன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்பக் கேளேன்."

டோக்கனம்மா கண்ணை மட்டும் திருப்பி முன்னால் பார்த்தார்.

"டிரைவர் இருக்காருல்ல," என்றார் மெதுவாக. "வீட்டுக்குப் போயிக் கேக்குறேன்."

அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

துக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். பெயர் தெரியாத வாலிபர்கள் வந்து நின்றார்கள். அவர்களுடைய பழைய கோபங்கள் மகளுக்கு ஞாபகம் வந்தன. பூனை மேல் கோபப்பட்டவனுக்கு இப்போது மீசை இருந்தது. கம்பெனிக்காரி தன் பெண்ணோடு வந்திருந்தாள். பெண் நன்றாக நிமிர்ந்து நடந்தாள். யாருக்கும் ஒரு பாக்கி வைக்காமப் போன மனுஷி என்று கம்பெனிக்காரி சொன்னாள், சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மகளும் தலையாட்டினாள். பாக்கி ஒன்று இருந்தது. வந்திருந்த யாரிடமும் அதைக் கேட்டு வாங்க முடியாது.