தூக்கத்தில் உதைத்த கால்

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் எங்களுக்குப் பட்டுத்தறி. மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்த என் கணவர், வேலூர் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் தேறி மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

ஆனால் தூங்கும்போது அவர் கால் தானாக உதைக்க ஆரம்பித்தது. எழுந்ததும் கேட்டால், “நானா உதைச்சேன்?” என்பார். பகலில் தறியிலேயே தூங்கி விழுந்தார்.

“மாத்திரைதான் பேஜார் பண்ணுது, நிறுத்திடுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். நிறுத்தினால் பழையபடி படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். கால் ஏன் அப்படிச் செய்கிறது என்று அறியும் ஆவலும் விடவில்லை. ஒரு மதியம் அவர் அசந்து தூங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கால் கட்டைவிரல் நிமிர்ந்தது. அடுத்து பாதம் மேலே வளைந்தது, முட்டி மடங்கியது. சற்று ஓய்ந்து மறுபடி அதேபோல.

அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டரிடம் சொல்லத் தெரியாமல் திணறினேன். “படுத்துக் காட்டட்டுங்களா?” என்று கேட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டர் அறைக் கட்டிலில் படுத்து உதைத்துக் காட்டினேன். என் கணவர் வெட்கத்தில் தலைகுனிந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

“இன்னொரு தடவ காட்டுங்கம்மா.”

காட்டினேன்.

“சிலருக்கு இந்த மாத்திரையால இப்படி வரலாம். நீங்களா நிறுத்திடாதீங்க. மெதுவா வேற மாத்திரைக்கு மாத்திப் பார்க்கலாம்.”

சில வாரங்களில் கால் அடங்கியது. மனசும் கெடவில்லை.

டாக்டரிடம் படுத்துக் காட்டிய அன்று, திரும்பும் பஸ்ஸில் என் கணவர் கேட்டார்: “நான் தூங்கறப்ப அவ்ளோ நேரம் பார்த்துகினா இருந்தே?”

தூக்கத்தில் யாருக்கும் தன்னைத் தெரிவதில்லை. பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருக்கிறது.