ஏழு மணிக்கு நின்றுபோகும் பேச்சு

மாலை ஏழு மணி ஆனால் லாலாகுடாவில் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எட்டு மணி வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். மகள் கனி சனி, ஞாயிறுகளில் போகும் தனியார் ஆங்கிலப் பள்ளியின் பாடத்திட்டம் அப்படி. எனக்கும் என் மனைவிக்கும் ஆங்கிலம் வராது. உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டுவேன். கனி மட்டும் சுவரைப் பார்த்துப் பனிப்பொழிவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பாள். ஹைதராபாத்தில் ஏது பனிப்பொழிவு? அதைக் கேட்கவும் எட்டு மணி ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்போடு சாத்தூரை விட்டுக் கிளம்பியவன் நான். சூரத்தில் சாயப்பட்டறை, புனேயில் ஓட்டல், இப்போது இங்கே நாச்சாரத்தில் லேத் பட்டறை. போன இடத்தில் எல்லாம் திட்டு வாங்கியே அந்த ஊர்ப் பேச்சைக் கற்றேன். மேஸ்திரியின் வாய்தான் பாடத்திட்டம். ஊரில் இருக்கும் நீங்கள் என்னை ஐந்து மொழி தெரிந்தவன் என்று பெருமையாகச் சொல்வீர்கள். கனியைச் சேர்க்கப் போன அன்று, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஆபீஸில் இருந்த மேடம் கேட்டார். அந்தப் பெருமையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

“பாஞ்ச் பாஷா ஆதா ஹை, மேடம்,” என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

“அச்சா, இங்கிலீஷ் நை,” சரி, ஆங்கிலம் இல்லை என்று முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாதம் ஒருமுறை, அப்பாவும் பிள்ளையும் ஆங்கிலத்தில் உரையாடும் வீடியோவை அனுப்ப வேண்டும். அனுப்பாத பிள்ளை அடுத்த நிலைக்குப் போக முடியாது. ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“நக்கோப்பா, வேணாம். கிளாஸ்ல போட்டுக் காட்டுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க.”

“அப்பன் பேசுனா சிரிப்பா வருதாக்கும், கழுதைக்கு?”

கனி சிரிக்கவில்லை. மேல்வீட்டுக்குப் போய் பிரகாஷை அழைத்து வந்தாள். கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை.

“தப்பா நெனச்சுக்காதீங்ண்ணா, ரெண்டு நிமிசந்தானுங்க,” என்று அவர் கூச்சத்தோடு என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போனைப் பிடித்தேன். கனி அவரை “டாடி” என்றாள். என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை; அதில் ஏதாவது ஆறுதல் உண்டா என்றுகூடத் தேடிப் பார்த்தேன். கை ஆடாமல் எடுத்தேன். லேத்தில் பழகிய கை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு விட்டதும், கனியின் மிஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வீடியோ சூப்பர், கனி! டாடி ஆஜ் நை ஆயே?” டாடி இன்று வரவில்லையா என்று கேட்டார்.

“ஆபீஸ், மிஸ்.”

“ஏ கோன்?” இது யார் என்று மிஸ் என் பக்கம் கையைக் காட்டினார்.

கனி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

“டிரைவர், மேடம்,” என்றேன்.

மிஸ்ஸுக்கு உடனே புரிந்தது. எந்த ஊரிலும் யாருக்கும் புரிகிற சொல்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் திருப்பம் தாண்டும்வரை கனி நான்கடி தள்ளியே நடந்தாள். பிறகு வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, “பசிக்குதுப்பா,” என்றாள். விரலை விடாமலே, பள்ளி இருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள்.