இன்குபேட்டருக்கு ஓய்வு கொடுத்த ஆயுத பூஜை

மைசூரில் நான் பிஎச்.டி. செய்த லேபில் என்னோடு தமிழில் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள். நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் அவள் அப்பா ஃபிட்டர். தினமும் ரயிலில் வந்து இறங்குவாள். டிபன் பாக்ஸைக்கூட வைக்காமல் நேராகப் போய், எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டரைத் திறந்து தன் செல்களைப் பார்ப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் தாய்மார்களிடம் சம்மதம் வாங்கித் தொப்புள்கொடி கொண்டுவருவோம். அதன் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைப் பிரித்து வளர்ப்போம். ஒரு சின்னப் பெப்டைடு ஹார்மோன் அவற்றை வளரவைக்கிறதா என்பது அவள் கேள்வி. அந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழையாது. வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தொடும், அவ்வளவுதான். சேதியை உள்ளே சேர்ப்பது ஏற்பியின் வேலை.

"கேட்லயே நின்னு பெல் அடிச்சுட்டுப் போற போஸ்ட்மேன்டி அது" என்பாள்.

ஏற்பியை மருந்தால் அடைத்தால் செல் வளரக் கூடாது. அதைக் காட்டிவிட்டால் தீசிஸ் முடிந்தது. ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை துபாயில்.

"போனா அப்புறம் யாருடி என்னைத் திருப்பி லேபுக்கு அனுப்புவாங்க?" இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

அந்த ஆயுத பூஜைக்கு லேபைக் கழுவித் துடைத்தோம். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜுக்குச் சாமந்தி சூட்டினோம். அவள் அப்பாவின் மில்லில் அன்று ஒரு மெஷினும் ஓடாதாம். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்குபேட்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏய், உன் செல்லெல்லாம் உள்ள இருக்குடி!"

"சும்மா இருடி. ஆரத்தி காட்டினதும் போட்டுடறேன். அதுவும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுமே."

ஆரத்தி முடிந்ததும் பூசணிக்காய் உடைக்க எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே கடலைப்பொரி கொடுத்தார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் பொரிப் பொட்டலத்தோடு அப்படியே ஓடினாள். ப்ளக் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

விஜயதசமியன்று தசரா ஊர்வலத்துக்காக ரோடுகளை அடைக்கும் முன்பே இருவரும் லேபுக்கு வந்தோம். அவள் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். கையில் படவேண்டிய கதகதப்பு இல்லை. செல்களை வளர்க்கும் திரவம் ஊதா நிறமாகியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால், செல்கள் செத்து உருண்டு மிதந்தன. ஹார்மோன் கொடுத்த தட்டு, கொடுக்காத தட்டு என்று ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் அழவில்லை. ஈரத்துணியால் இன்குபேட்டரின் பொட்டைத் துடைத்தாள். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த தொப்புள்கொடி கிடைத்தபோது அவள் துபாய் போய்விட்டிருந்தாள். அந்தச் சோதனையை நான் செய்தேன். ஏற்பியை அடைத்த தட்டில் செல்கள் பெருகவில்லை, அவள் நினைத்ததுதான் சரி. படங்களை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

எடுத்ததும் கேட்டாள், "ப்ளக்கைப் பாத்துக்கிட்டியாடி?"

அவள் படிப்பைத் தொடரவேயில்லை. நான் அதே லேபில் வாத்தியாராகிவிட்டேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சாயங்காலம் அவள் போன் வரும். குசலம் விசாரிப்பதற்கு முன்பே, "ப்ளக்கு?" என்பாள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "இருக்குடி" என்பேன். அதன்பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

இப்போது புது இன்குபேட்டர் வந்திருக்கிறது. கரண்ட் போனால் தானே அலறி என் செல்போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் போன் செய்யாமல் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.