சனிக்கிழமைக் கம்பளி

நான் பாலே நடனம் பயின்றவள் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதுகூட இல்லை. சிரிப்பதற்குக் கொஞ்சமாவது நம்ப வேண்டுமே. என் மருமகள், "அப்படியாம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் மாடிப்படி ஏறும்போது முழங்கால் போடுகிற சத்தத்தைக் கேட்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். அப்படிப்பட்ட உடம்பு இது.

ஆனாலும் பயின்றேன். அடையாற்றில், ஆற்றைப் பார்த்த ஒரு பங்களாவின் தாழ்வாரத்தில், ஒரு மார்கழியில் ஆரம்பித்துச் சனிக்கிழமைதோறும் பயின்றேன்.

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். கிறிஸ்துமஸுக்கு முன்னால் துரையின் பங்களாவுக்கு மாலையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு போவது அந்தக் காலத்து வழக்கம். எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரியவர்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோது, துரையின் பெண் புல்தரையில் கால் கட்டைவிரலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். நானும் பக்கத்தில் போய்ச் சுற்றினேன். அவள் சுற்றி நின்றாள். நான் சுற்றிக் குரோட்டன்ஸ் தொட்டியின் மேல் விழுந்தேன். துரைசானி ஓடிவந்து என் கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ, இந்தக் கால் நன்றாக வளைகிறது, சனிக்கிழமைகளில் தான் நடத்தும் பாலே வகுப்புக்கு அனுப்புங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள்.

துரைசானி சொல்லி அப்பா மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டில்தான் ரகளை. மயிலாப்பூரில் குடும்பப் பெண் ஆடப் போனாள் என்றால் குளத்தங்கரையில் தலைகாட்ட முடியுமா என்று அம்மா கேட்டாள். சலங்கை இல்லை, பதம் இல்லை, அபிநயம் இல்லை, இது ஒருவகையான டிரில்தான் என்று அப்பா சமாதானம் சொன்னார். அப்போது சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"டிரில்லுக்கு எதுக்குண்ணா கட்டைவிரல்ல நிக்கணும்? துரை அலமாரி மேல ஏதாவது பட்சணம் வெச்சிருக்காரா?"

அத்தை அப்பாவின் தங்கை. அம்மாவைவிடச் சின்னவள். சிம்லாவில் சர்க்கார் ஆபீசில் வேலையாக இருந்த அவள் கணவர், என் அத்திம்பேர், திடீரென்று காலமாகிவிட, ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து சமையலறை அவளுடையது. யார் மேலும் படாமல் ஆசாரம் காக்கும் அவளுடைய மடி எங்கள் தெருவில் பிரசித்தம். மற்ற வீடுகளில் மடி என்பது காலையில் கட்டி மத்தியானம் களைகிற சங்கதி. அத்தைக்கு அது எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும். இந்த மாதிரி ஒரு நாத்தனார் வாய்த்ததற்கு நீ கொடுத்துவைத்திருக்கிறாய் என்று மாமிகள் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவும் ஆமாம் என்பாள், கொஞ்சம் தாமதித்து.

ஆகவே அத்தை என்னிடம் எதையும் கொடுத்தது கிடையாது. போட்டிருக்கிறாள். மோர்சாத உருண்டை என் உள்ளங்கையில் மேலேயிருந்து விழும். முறுக்கு விழும். அம்மா எனக்குத் தலை பின்னும்போது அத்தை நாலடி தள்ளி நின்று, இடது பக்கம் கோணல், இன்னும் இறுக்கு என்று உத்தரவு போடுவாள். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது அப்படியில்லையாம். குழந்தையின் மேல் தோஷம் இல்லை, அதன் பருத்தித் துணியில்தான் விழுப்பு என்கிற தீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது சாஸ்திரம். அதனால் என் சட்டையை உருவி எறிந்துவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டே சமைப்பாளாம். எட்டு வயதுப் பெண் அப்படி நிற்க முடியுமா? ஆகவே நான் சமையலறை நிலைப்படியோடு நின்றுவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாக நினைவில்லை. நிலைப்படிகூட சாய்ந்துகொள்ள வசதியாகத்தான் இருந்தது.

எனக்கு இருந்த வருத்தமெல்லாம் வேறு. துரைசானி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஆடுவதற்கு முன் கையும் காலும் சூடேற வேண்டும், ஆகவே குழந்தைகள் கம்பளி உடுப்பு போட்டுக்கொண்டு வரவேண்டும், உடம்பு பதமானதும் அதைக் கழற்றிவிட்டு ஆட வேண்டும். அவளுடைய ஊரில் ஆற்றின் மேல் நடந்து போகலாம் என்கிற குளிராம். அந்த ஊர் வழக்கத்தை ஓர் அட்சரம் மாற்றாமல் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தாள். மதராஸில் உடம்பைச் சூடாக்க உடுப்புக் கேட்ட ஒரே பிறவி அவளாகத்தான் இருக்கும். அப்பா இந்தச் செய்தியைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, விசிறிக்கொண்டே சொன்னார். கம்பளி இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

உடுப்புத் தேடும் படலம் ஆரம்பமாயிற்று. மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கடையில் எல்லாம் தயாராக இருந்தது. அப்பா விலையைக் கேட்டார், தொப்பியைத் தூக்கி நன்றி சொல்வதுபோல் தலைப்பாகையைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அம்மா பீரோவைக் குடைந்து, அப்பா மார்கழி பஜனைக்குப் போட்டுக்கொள்ளும் குல்லாயையும் தம்பிப் பாப்பாவின் காலுறையையும் எடுத்தாள். குல்லாய் என் முகத்தை விழுங்கியது. காலுறை என் பெருவிரலோடு நின்றது.

"ஆஞ்சநேயருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் அத்தை.

பிறகு அப்பா என்னைக் கச்சேரி ரோட்டில் எங்களுக்குத் தைக்கிற பாயிடம் அழைத்துக்கொண்டு போனார். பாய் கேட்டதும் தையல் மிஷினை நிறுத்திவிட்டார்.

"கம்பளி இன்னாத்துக்கு சாமி? இந்த ஊர்ல ஆட்டுக்கே அது பேஜாரா கீது."

அவரிடம் இரண்டு துணிகள் இருந்தன. ஒன்று, காவல்காரர்கள் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. தொட்டால் பதிலுக்குக் குத்தும். இன்னொன்று ரோஜா நிறத்தில் ஒரு பிளானல் துணி. பருத்திதான், ஆனால் மேலே பஞ்செழுப்பி, பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. நான் அதில் கன்னத்தை வைத்தேன். வைத்த கன்னத்தை எடுக்கவில்லை. பார்வைக்குக் கம்பளிபோலவே இருக்கும், துரைசானிக்குத் தெரியப் போவதில்லை என்று பாய் சொன்னார். அப்பாவுக்கும் நிம்மதி. ஒரு துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் ரோஜா நிறக் கால்களோடு துரையின் பெண்ணுக்குப் பக்கத்தில் நான் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டு வந்தேன், மனசுக்குள்.

அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. அத்தை மட்டும் சமையலறைக் கதவருகே வந்து நின்று, தொடாமல், கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அது பருத்தியோன்னோ?"

ஆமாம், ஆனால் கம்பளிபோலவே என்று அப்பா ஆரம்பித்தார்.

"துரைசானி என்னன்னு சொன்னா? கம்பளின்னாளா, கம்பளி மாதிரின்னாளா?"

கம்பளி என்றுதான் என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

"அப்போ கம்பளிதான்."

நேற்றுவரைக்கும் இந்த ஆட்டத்தையே கேலி செய்தவள் இன்று துரைசானியின் வக்கீலாகிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அத்தை உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பெட்டி திறந்து நான் பார்த்ததே இல்லை. அந்துருண்டை வாசனையோடு ஒரு ஸ்வெட்டர் வெளியே வந்தது. காப்பிக்கொட்டை நிறம், ஆண்பிள்ளை அளவு. அப்பா, வேண்டாம்மா, அது இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

"பூச்சிக்கு வெச்சிண்டிருக்கறதைக் குழந்தை போட்டுக்கட்டுமே. நாளைக்கே வெட்டச் சொல்லுங்கோ" என்றாள் அத்தை.

எப்படி வெட்ட வேண்டும் என்பதற்கும் அவளிடம் திட்டம் இருந்தது. ஸ்வெட்டரின் இரண்டு கைகளும் என் கால்களுக்கு. உடல் பகுதியில் எனக்கு ஒரு சட்டை. கழுத்துவரைக்கும் பட்டன். கை மணிக்கட்டுவரைக்கும் வர வேண்டும், கால் கணுக்கால்வரைக்கும் வர வேண்டும், இடுப்பில் ஒரு விரற்கடைகூட இடைவெளி தெரியக் கூடாது. அப்பா இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். பாய் கேட்டுவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பாப்பாவ அடையாறுக்கு அனுப்பறியா, சிம்லாவுக்கு அனுப்பறியா சாமி?"

முதல் சனிக்கிழமை மத்தியானம் அந்தக் காப்பிக்கொட்டைக்குள் என்னை ஏற்றினார்கள். உள்ளே ஆடுவதற்கான வெள்ளைக் கவுன். மேலே கழுத்திலிருந்து கணுக்கால்வரைக்கும் அத்திம்பேரின் ஸ்வெட்டர். போட்ட மாத்திரத்தில் உடம்பெல்லாம் அரித்தது. அத்தையிடம் காட்டிவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். நான் வழக்கம்போல நிலைப்படியோடு நின்றேன்.

"உள்ள வா" என்றாள் அத்தை.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ள வாடி."

போனேன். அத்தை சொம்பிலிருந்து கொஞ்சம் ஜலம் எடுத்து என் மேல் தெளித்தாள். பிறகு குனிந்து, இரண்டு கைகளாலும் என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். தம்பிப் பாப்பாவோடு பின்னால் வந்த அம்மா பதறிப்போய், விழுப்பு விழுப்பு என்றாள்.

"கம்பளிக்கு ஏது மன்னி விழுப்பு? பட்டுக்கும் கம்பளிக்கும் கிடையாதே" என்றாள் அத்தை, என் தலைக்கு மேலேயிருந்து.

உள்ளே பருத்திக் கவுன் இருக்கிறதே என்று அம்மா நியாயம் கேட்டாள்.

"நான் தொட்டது கம்பளியை. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கப்போனா, அதுக்கும் உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்."

மடிக்குப் பேர்போனவளே இப்படித் தீர்ப்புச் சொன்னால் அம்மா எங்கே போய் அப்பீல் செய்வாள்? கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். அத்தை என்னை விடவில்லை. அவளிடம் விறகுப் புகையும் பெருங்காயமும் வாசனையடித்தன. என் முதுகை மேலிருந்து கீழாகத் தடவினாள், தோளைப் பிடித்துப் பார்த்தாள். தையலைப் பரீட்சை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேல் பட்டன் சரியாக இல்லை என்று கழற்றினாள், மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள். வாசலில் ஜட்கா வந்துவிட்டது, எனக்குக் கழுத்தில் வேர்வை ஊறிக்கொண்டிருந்தது. நெளிந்து நழுவி ஓடினேன்.

வகுப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, குதிகால் இரண்டையும் ஒட்டிவைத்து, பாதங்களை ஆளுக்கொரு திசையில் பார்க்கவைத்து, உட்காருவதுபோல் பாவனை செய்து உட்காராமல் எழ வேண்டும். பட்லர் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். துரையின் பெண் முழங்கால்வரைக்கும்தான் கம்பளி போட்டிருந்தாள், அதுவும் ரோஜா நிறத்தில். நான் ஒருத்திதான் பார்சல் கட்டி அனுப்பியதுபோல வந்து நிற்பேன். துரைசானிக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் சொன்னதைச் சொன்னபடி, இன்னும் சொல்லப்போனால் சொன்னதற்கும் மேலே, செய்த குடும்பம் எங்களுடையது மட்டும்தானே.

ஆனால் ஆடியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கம்பளியைக் கழற்றிப் போட்டதும் உடம்பே இல்லாததுபோல் இருக்கும். ஆற்றங்கரைக் காற்று நேராக வந்து அக்குளில் புகும். அந்த நிமிஷத்துக்காக ஒரு வாரம் காத்திருப்பேன்.

வீட்டிலும் சனிக்கிழமைக்காக ஒருத்தி காத்திருந்தாள். கம்பளியை அவளே ராத்திரி உதறி வைப்பாள், அவளே எடுத்துக்கொடுப்பாள். கிளம்பும்போது ஒரு தடவை பட்டன் பரீட்சை, விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்ததும் இன்னொரு தடவை. திரும்பும்போது கட்டாயம் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும், வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் ஜுரம் வரும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். நான் ஜட்காவிலிருந்து இறங்கும்போதே அவள் அடுப்பங்கரையில் கையைக் கழுவிக்கொண்டு நிற்பாள். என் மோவாயைத் தூக்கிப் பார்ப்பாள். என்னை மடியில் உட்காரவைத்து, இன்றைக்கு எத்தனை தடவை விழுந்தாய் என்று விசாரிப்பாள். எத்தனை என்றாலும் போதவில்லை என்பாள். பதில் சொல்லிக்கொண்டே நான் பட்டனைக் கழற்றப் பார்ப்பேன். அவள் என் கையைப் பிடித்து, இரு, வேர்வை அடங்கட்டும் என்பாள். அவள் பிடித்துக்கொண்டிருக்கிறவரைக்கும் வேர்வை எப்படி அடங்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பங்குனி பிறந்ததும் துரைசானிக்கே மதராஸ் புரிந்துவிட்டது. மூங்கிலைப் பிடித்தபடியே ஒரு பெண் மயக்கம் போட்டாள். இனிமேல் கம்பளி வேண்டாம், இந்த ஊர் வெயிலே குழந்தைகளுக்குப் போதும் என்று துரைசானி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழையும்போதே அதைக் கத்திக்கொண்டு நுழைந்தேன்.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு விதி என்றால் விதிதான், பாதியில் மாற்றினால் கால் பிடித்துக்கொள்ளும் என்றாள். குழந்தைக்கு ஈளை இழுக்கிற உடம்பு என்று துரைசானியிடம் போய்ச் சொல்லச் சொன்னாள். எனக்கு ஈளையே வந்ததில்லை. அப்பா ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தார். அம்மா மட்டும் எதுவோ சொல்ல வந்து, தம்பிப் பாப்பாவை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே போய்விட்டாள். நான் தரையில் புரண்டு அழுதேன். கடைசியில் என் கட்சிதான் ஜெயித்தது.

அடுத்த சனிக்கிழமை வெள்ளைக் கவுனோடு மட்டும் கிளம்பினேன். ஜட்காவில் அப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். அத்தை ரேழிவரைக்கும் வந்தாள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி கதவுக்குப் பின்னால், என்னிடமிருந்து தள்ளி நின்றாள். கையில் மடித்த கம்பளி இருந்தது.

"போறச்சே வேண்டாம்டி. திரும்பி வரச்சே மட்டும் போட்டுண்டு வாயேன்" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வேர்க்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அத்திம்பேரின் ஸ்வெட்டரை வெட்டியது வீணாகிவிட்டதே என்று அவளுக்குக் கவலை, வேறென்ன என்று நினைத்தேன். ஜட்கா அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. கடலிலிருந்து வந்த காற்று வெறும் கையிலும் வெறும் காலிலும் பட்டுக் கூசியது. இனிமேல் சனிக்கிழமைகளில் என்னை யாரும் பிடித்து இறுக்கிக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது.