அதே பெயரில் இன்னொருத்தி

எழுபத்துமூன்றாம் வருடம், ஐப்பசி மாதம். விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். என் மனைவிக்கு முதல் பிரசவம். மயிலாப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். காலையில் பெண் குழந்தை பிறந்தது. வார்டில் எல்லோருக்கும் கொடுக்க மிட்டாய் வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது, நர்ஸ் ஒருத்தி வாசலில் என்னைத் தேடிக்கொண்டு நின்றாள். உதிரப்போக்கு நிற்கவில்லை, உடனே ரத்தம் வேண்டும் என்றாள்.

என் ரத்தம் அவளுக்குச் சேராது என்று பரிசோதித்துச் சொன்னார்கள். பதிலுக்கு நான் ஒரு பாட்டில் கொடுத்தால் பொருத்தமானதைத் தருவார்களாம். கையை நீட்டிப் படுத்துவிட்டேன். பிறகு ரத்த வங்கியின் ஜன்னல் முன்னால் ஏழெட்டுப் பேருடன் காத்திருந்தேன். தலை லேசாகச் சுற்றியது. மதியம் ஒரு மணி இருக்கும், உள்ளேயிருந்து என் மனைவியின் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர் ஏதோ வார்டு நம்பர் சொல்லிக் கேட்டார். "ஆமா சார், ஆமா" என்றேன். உண்மையில் அவர் கேட்டது என் காதில் சரியாக விழவில்லை. பாட்டிலைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

வார்டில் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "இவங்க பேர்தானே?" என்றாள்.

"அதேதாம்மா, சீக்கிரம் போடுங்க."

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "குளிருதுங்க" என்றாள் மனைவி. போர்வையை இழுத்து விட்டேன். கொஞ்ச நேரத்தில், "முதுகு பொளந்துடும் போல வலிக்குதுங்க" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பல் கிட்டத் தொடங்கியது.

பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர் இருந்தார். "இன்னா சார், அந்தப் பொண்ணு இப்படி உதறுது, பாத்துக்கினு குந்திக்கினு கீறியே. நர்ஸம்மாவைக் கூப்புடு" என்றார்.

"ரத்தமே இப்பதாம்மா கெடைச்சுது. கூப்பிட்டா நிறுத்திடுவாங்க."

இப்படித்தான் சொன்னேன். அந்த ரத்தம் முழுவதும் உள்ளே போய்விட்டால் அவள் பிழைத்துவிடுவாள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த அம்மாவோ வார்டு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார்.

ரத்தம் ஏற்றிய நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்ததுமே குழாயை அடைத்துவிட்டாள். டாக்டரம்மா வந்து ரத்தப் பாட்டிலைக் கழற்றச் சொல்லி, உப்பு நீர் பாட்டிலை மாட்டச் சொன்னார். சீட்டை வாங்கிப் படித்தவர் முகம் மாறியது. பெயர் அதேதான். ஆனால் வேறு வார்டு, வேறு ரத்தப் பிரிவு. அது இன்னொரு பெண்ணுக்காக எடுத்து வைத்த ரத்தம்.

"யார் சரிபார்த்தது?" என்றார்.

நான் அந்த நர்ஸைப் பார்த்து, "உயிரோட விளையாடறீங்களா?" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் டாக்டர். பேரை மட்டும் பார்த்தேன், நம்பரைப் பார்க்கலை" என்றாள். என்னைக் கேட்டதையோ, நான் ஆமாம் என்றதையோ அவள் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை.

"ஜன்னல்ல என்கிட்ட வார்டைக் கேட்டாங்க டாக்டர். சரியா காதுல வாங்காமலே ஆமான்னுட்டேன். இவங்க கேட்டப்பவும் அப்படித்தான்."

"அதை அப்புறம் பேசலாம். அந்த இன்னொரு அம்மாவுக்கு வெச்ச ரத்தம் இங்க வந்திருக்கு. அவங்க ஆளைத் தேடிப் போய்ச் சொல்லுங்க. வங்கிக்கு நான் ஆள் அனுப்பறேன்" என்றார் டாக்டர்.

அந்தப் பெண்ணின் கணவர் ரத்த வங்கியின் அதே ஜன்னலருகில் நின்றிருந்தார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவிக்கு ஆபரேஷனாம், ரத்தம் வந்தால்தான் தொடங்குவார்கள். நான் விலக்கித் தள்ளிய ஆட்களில் அவரும் ஒருவர். நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அடி விழும் என்றே நினைத்தேன்.

"ஒங்க வீட்டம்மா இப்ப எப்படி இருக்காவ?" என்று கேட்டார்.

அவர் மனைவிக்கு வேறு பாட்டில் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தெரியும்வரை நான் இரண்டு வார்டுகளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்குச் சாயங்காலம் சரியான ரத்தம் ஏற்றினார்கள், உதிரப்போக்கும் நின்றது. ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சிறுநீரகம் என்ன ஆகுமோ என்று இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதினார்கள். மூன்றாம் நாள் நிறம் தெளிந்தது. உள்ளே போனது கொஞ்சம்தான், அதனால் தப்பித்தாள் என்றார் டாக்டரம்மா. மீன்காரம்மாவிடம் அதைச் சொல்லி நான் கை கூப்பியபோது, "பொண்ணுக்கு கஞ்சி குடுத்தியா நைனா?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தையோடு வீட்டுக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. என் மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்த அந்த ஜவுளிக்கடை மனிதர் முதலில் விசாரித்தது என் மனைவியைப் பற்றி. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று இன்றும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.