மகளைத் தள்ளிப் பார்த்த காலை

என் மகள் சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சியில் இருக்கிறாள். பிஸ்டல் சுடும் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டாள். இன்னொரு முறை தவறினால் அடுத்து வரும் பிரிவினரோடு சேர்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "அப்படி ஆச்சின்னா வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேம்மா" என்று அவளே சொல்லியிருந்தாள். நான்கு நாள் விடுப்பில் செஞ்சிக்கு வந்தவள், மூன்றாம் நாள் காலை, தண்ணீர் நிரப்பிய பாட்டிலோடு என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள்.

முந்தைய நாள் சாப்பிடும்போது ஒன்று சொல்லியிருந்தாள். சுடுதளத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணின் பிஸ்டல் சிக்கிக்கொண்டதாம். பயிற்சி கொடுக்கும் ஏட்டையாவிடம் காட்ட அவள் அப்படியே திரும்பினாளாம். அதன் குழல் என் மகளின் வயிற்றுக்கு நேராக வந்து நின்றிருக்கிறது. "ஏட்டையா உட்டாரு பாரு ஒரு சத்தம்!" என்று சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டாள். நான் சாப்பிடாமல் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் பாட்டிலையே பிஸ்டலாகப் பிடித்து இரண்டு விதமாக நின்று காட்டினாள். ஒன்று நேர் நிலை. நெஞ்சு குறியைப் பார்த்திருக்கும், கால்கள் சமமாக அகன்றிருக்கும், இரு கைகளும் ஒரே அளவு முன்னால் நீண்டிருக்கும். மற்றது சாய்ந்த நிலை. இடக்கால் ஓரடி முன்னே, உடம்பு சற்றுப் பக்கவாட்டில். வலக்கை பிஸ்டலை முன்னே தள்ள, இடக்கை மடங்கிப் பின்னே இழுத்துப் பிடிக்கும். சுட்டதும் பிஸ்டல் உதைக்கும். அந்த உதையை எந்த நிலையில் தன் உடம்பு தாங்கும் என்று அவள் முடிவு செய்தாக வேண்டும்.

"நீ தோள்ல கைய வச்சி பின்னால தள்ளு. ரெண்டுத்துக்கும் ஒரே மாதிரி தள்ளணும், சொல்லிட்டேன்."

அடுத்த மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், பொண்ணு பாட்டில வச்சிக்கினு யார மெரட்டுது?"

"உன்னத்தான் அத்த! எங்க செவுரு ஓரமா குப்ப கொட்டுறியாமே!"

மகள் நேராக நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பு இடப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. மேலுடம்பு வலப்பக்கம் சாய்ந்து, எடை குதிகாலில் இருந்தது. எட்டு வயதிலிருந்து தெருக்குழாயில் பிடித்த குடத்தை இடுப்பில் சுமந்த உடம்பு அது. சுமக்க வைத்தவள் நான். குடம் இல்லாதபோதும் குடத்துக்கு இடம் விட்டே நிற்கிறாள். அவளுக்கு அது தெரியவில்லை. ஏட்டையாவுக்கும் தெரிந்திருக்காது, அவர் எங்கே குடம் சுமந்தார்? சாய்ந்த நிலைக்கு மாறியதும் அந்தக் கோணல் மறைந்தது. முன்காலில் ஊன்றி நின்றாள்.

நேர் நிலையில் நின்றபோது விரல்களால் தொட்டதுபோலத் தள்ளினேன். அவள் அசையவில்லை. சாய்ந்த நிலையில் உள்ளங்கையை வைத்து, என் எடையை எல்லாம் கொடுத்துத் தள்ளினேன். தடுமாறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, நேரா நிக்கறதுதான் எனக்கு செட்டாவுது" என்றாள். நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரிசையில் நின்று அங்கிருக்கும் தொலைபேசியில் பேசலாம். தேர்வு புதன்கிழமை. என் வகுப்பில் பெண் பிள்ளைகள் வரிசையாக நின்றால் அவர்கள் இடுப்பையே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மலை, அதன்மேல் கோட்டை மதில். அவள் தேறினால் அந்தத் துப்பாக்கிக் குழல்களின் நடுவே நிற்பாள். தவறினால், தள்ளியது என் கை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாமி விளக்கைக்கூட ஏற்றவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு அவள் அழைத்தபோது சொல்லிவிட்டேன்.

"ரெண்டையும் நான் ஒரே மாதிரி தள்ளல."

அவளுக்குப் பின்னால் யாரோ "சீக்கிரம்டி" என்றது கேட்டது.

"எத மெதுவா தள்ளின?"

"நேரா நின்னத. ஒனக்கு இடுப்பு ஒரு பக்கமா போவுது. கொடம் தூக்கின இடுப்பு."

"ஏம்மா இப்டி பண்ண?"

"அந்தப் பொண்ணு திரும்பினான்னு சொன்னியே…"

"சரி. வெக்கறேன்."

அடுத்த ஞாயிறு என் கைபேசி ஒலிக்கவில்லை. என் வீட்டுக்காரருடையது ஒலித்தது. அவள் எப்போதும் எனக்குத்தான் அழைப்பாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நைனா, பாஸாயிட்டேன். சாஞ்சி நின்னுதான் சுட்டேன்."

"அப்படிப் போடு! அம்மா பக்கத்துலதான் இருக்குது, குடுக்கட்டுமா?"

"வேணாம் நைனா, நீயே சொல்லிடு. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அவர் என் பக்கம் திரும்பி, தூரத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல் சத்தமாக, "பாஸாம்" என்றார்.

"கேட்டுது" என்றேன்.